சாட்ஸ்வொர்த் ஸ்டோர் ரூமில் வெடித்த ஐந்து பீர் பாட்டில்கள்

செவ்வாய்க்கிழமை விடியற்காலை 2 மணி இருக்கும். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில், அண்ணன் வீட்டுப் பின்பக்க ஸ்டோர் ரூமில் அவர் காய்ச்சி அடைத்த பீரில் முதல் பாட்டில் வெடித்தது. அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், துப்பாக்கிச் சத்தம் என்றே நினைத்தார். இந்த ஊரில் இரவில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் யாருக்கும் முதலில் அதுதான் தோன்றும். விளக்கைப் போடாமல் இருவரும் நடையில் உட்கார்ந்திருந்தார்கள். கால் மணி கழித்து இன்னொன்று. அப்புறம் மூன்று, அடுத்தடுத்து. கதவிடுக்கு வழியாகப் பீர் வாசம் வந்த பிறகுதான் அண்ணனுக்கு விஷயம் புரிந்தது.

காலை ஆறரைக்கு நான் போனபோது யாரும் உள்ளே போயிருக்கவில்லை. நல்ல காரியம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஐந்துமே 340 மில்லி சின்ன பாட்டில்கள். அடிப்பாகங்கள் க்ரேட்டில் இருந்த இடத்திலேயே இருந்தன. கழுத்துகள் மூடி கழலாமல் தரையில் கிடந்தன. ஒரு கண்ணாடித் துண்டு சீலிங் பலகையில் குத்தி நின்றது. முந்தின நாள் சாயங்காலம்தான் பேத்தி தன் சைக்கிளை எடுக்க அந்த அறைக்குள் போய் வந்திருந்தாள். அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டே அண்ணன் இதைச் சொன்னார். சொல்லிவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

நான் டர்பனுக்கு வடக்கே ஒரு சர்க்கரை ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ஊர் கோவில்பட்டிப் பக்கம். ஆலையில் எது உடைந்தாலும் முதலில் எழுதி வைக்க வேண்டும்: என்ன நடந்தது, எப்போது, கண்ணால் பார்த்தது எது, ஊகித்தது எது, அளந்து கண்டது எது. அதே வழக்கத்தில் இதையும் எழுதி வைத்தேன். வீட்டில் பீர் காய்ச்ச எப்படி ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு இப்போதெல்லாம் செய்முறைக்குப் பதில் இந்தக் குறிப்பைத்தான் கொடுக்கிறேன். செய்முறை எங்கும் கிடைக்கும். எப்போது மூடி போடலாம் என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

அண்ணன் ஆரம்பித்த விதம்

அண்ணன் எனக்கு உறவில்லை. அவருடைய முன்னோர் வட ஆற்காட்டுப் பக்கமிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள். மெட்ராஸிலிருந்து வந்த முதல் கப்பல் ‘ட்ரூரோ’ இந்தத் துறைமுகத்தில் நின்றது 1860 நவம்பர் 16 அன்று. அவர் வீட்டுக் கப்பல் அதற்குச் சில ஆண்டுகள் பின்னால். வீட்டில் ஆங்கிலம்தான் பேச்சு. ஆனால் அண்ணனுக்கும் அக்காவுக்கும் சமையலறைத் தமிழ், கோயில் தமிழ் இரண்டும் உண்டு. நான் போனால் அதை வெளியே எடுப்பார்கள்.

2020 மார்ச் 27ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியதும் தென்னாப்பிரிக்காவில் மது விற்பனை முழுக்க நின்றுபோனது. ஜூன் 1 வரை ஒரு கடையிலும் ஒரு பாட்டில் கிடைக்காது. நாடே அன்னாசிப்பழத்தைத் தேடி ஓடியது. பழத்தைத் தோலோடு நறுக்கி, சர்க்கரையும் வெதுவெதுப்பான தண்ணீரும் ரொட்டி ஈஸ்டும் போட்டு வாளியில் மூடி வைப்பார்கள். மூன்று நாளில் நுரை அடங்கும், வடிகட்டிக் குடிக்கலாம். அண்ணன் கற்றுக்கொண்ட முதல் பாடம் அதுதான். நுரை அடங்கினால் வேலை முடிந்தது என்ற நம்பிக்கை அவருக்கு அங்கேதான் ஊறியது. அன்னாசி பீரில் அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை, ஏனென்றால் அதை யாரும் இறுக மூடி வைப்பதில்லை. நம் ஊர்க் கள்ளும் அப்படித்தான், இங்கே ஜூலு வீடுகளில் சோளமும் மக்காச்சோள மாவும் போட்டுக் காய்ச்சும் உம்கொம்போத்தியும் அப்படித்தான். நுரைத்துக்கொண்டிருக்கும்போதே குடித்துத் தீர்த்துவிடுவார்கள். மூடி போடும் வரை நொதித்தல் யாரையும் காயப்படுத்தாது.

இந்த நகரத்தில் வீட்டில் காய்ச்சுவது ஒரு காலத்தில் பொழுதுபோக்காக இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1908இல், டர்பன் அடங்கிய நேட்டால் காலனி கொண்டுவந்த சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கறுப்பின மக்களுக்குச் சோள பீர் காய்ச்சி விற்கும் உரிமையை டர்பன் நகராட்சி தனக்கே எடுத்துக்கொண்டது. வீட்டில் காய்ச்சிய பெண்களைப் போலீஸ் தேடிப் பிடித்தது, பானைகளை உடைத்தது. டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் 1959 ஜூனில் பெண்கள் திரண்டு நகராட்சியின் பீர்க்கூடங்களுக்குள் புகுந்தார்கள். அண்ணனின் தாத்தா வீடு அப்போது அங்கேதான் இருந்தது. 1960களில் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் அங்கிருந்து கிளப்பித்தான் இந்தியக் குடும்பங்களைச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்டார்கள். இன்று வீட்டில் காய்ச்சித் தானே குடிப்பதை யாரும் தடுப்பதில்லை, விற்றால்தான் உரிமம் வேண்டும். அண்ணன் தன் வாளிக்கு மேலே தாத்தாவின் படத்தை மாட்டி வைத்திருக்கிறார். காரணம் அவர் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது.

பீர் என்றால் என்ன

முளைகட்டிய பார்லியை உலர்த்தினால் மால்ட். அதை வெந்நீரில் ஊறவைத்தால் அதன் மாவு சர்க்கரையாகும். அந்த இனிப்புத் தண்ணீருக்கு வோர்ட் என்று பெயர். புதிதாக ஆரம்பிப்பவர் இந்த ஊறவைக்கும் வேலையைத் தள்ளிப்போட்டு, ஏற்கெனவே சுண்டவைத்த மால்ட் பாகை வாங்கிக் கரைத்துக்கொள்ளலாம். அண்ணனும் அதைத்தான் செய்தார். 3 கிலோ பாகு, கசப்புக்கு ஒரு மணி நேரம் கொதிக்க 25 கிராம் ஹாப்ஸ், வாசத்துக்குக் கடைசியில் இன்னொரு 20 கிராம், தண்ணீர் சேர்த்து மொத்தம் 20 லிட்டர். ஆறவைத்து, இங்கிலாந்து வகை ஏல் ஈஸ்ட் ஒரு பொட்டலம், 11.5 கிராம்.

ஹாப்ஸ் இந்த நாட்டிலேயே, வெஸ்டர்ன் கேப்பில் ஜார்ஜ் ஊர்ப் பக்கம் விளைகிறது. நீண்ட கோடைப் பகல் இருந்தால்தான் ஹாப்ஸ் கொடி நன்றாகக் காய்க்கும். அங்கே பகல் அவ்வளவு நீளமில்லை. ஆரம்பத்தில் தோட்டத்தில் விளக்குகளைக் கட்டி, அஸ்தமனத்துக்குப் பிறகும் வெளிச்சம் காட்டித்தான் வளர்த்தார்கள். அப்புறம் குறும்பகலிலேயே காய்க்கும் ரகங்களை உருவாக்கினார்கள். சதர்ன் ஸ்டார், சதர்ன் பேஷன், ஆஃப்ரிக்கன் குவீன் என்ற பெயர்களில் கடையில் கிடைக்கும். இதை நினைத்தால் எனக்குச் சந்தோஷம். இடத்தோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு இடத்துக்கு ஏற்றதைத் தேடிக்கொண்டார்கள். நாங்கள் அந்தப் புத்திக்கு இரண்டாவது வாளியில்தான் வந்தோம்.

வாளியில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமும் கரியமில வாயுவுமாக மாற்றும். வாயு, வாளி மூடியில் செருகிய ஏர்லாக் என்ற தண்ணீர்க் குழாய் வழியாகக் குமிழியிட்டு வெளியே போகும். சர்க்கரை குறையக் குறையத் திரவத்தின் அடர்த்தி குறையும். அந்தக் குறைவை அளக்கும் கண்ணாடி மிதவைதான் ஹைட்ரோமீட்டர். தண்ணீரில் 1.000 காட்டும். அண்ணனின் வோர்ட்டில் முதல் நாள் 1.045 காட்டியது. இந்த மால்ட்டுக்கும் இந்த ஈஸ்டுக்கும் 1.012 அருகே வந்து நிற்க வேண்டும். எல்லாச் சர்க்கரையையும் ஈஸ்ட் தின்னாது, அதனால் 1.000க்கு வராது. நின்ற பிறகு, பாட்டிலில் நுரை வருவதற்காக அளவாகக் கொஞ்சம் சர்க்கரை சேர்த்து மூடி அடிப்பார்கள். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று உண்டாக்கும் வாயு பாட்டிலுக்குள்ளேயே கரைந்து நிற்கும். பீரின் நுரை அதுதான்.

கள்ளச்சாராயச் சாவுகளைக் கேட்டு வளர்ந்த நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, கண் போய்விடுமா என்பது. போகாது. அந்தச் சாவுகளுக்குக் காரணம் சாராயத்தில் கலக்கப்படும் மெத்தனால். மால்ட்டை நொதிக்க மட்டும் வைக்கும் பீரில் ஆபத்தான அளவுக்கு அது சேராது. பீரில் கண்ணைக் கெடுக்கக்கூடியது கண்ணாடித் துண்டு.

அந்த வாரம்

லோட் ஷெடிங் என்ற மின்வெட்டு ஓயாத வருஷம் அது. அக்டோபர் மாதம், தகர ஓடு போட்ட ஸ்டோர் ரூம் பகலில் 30 டிகிரியைத் தாண்டும். இந்த ஈஸ்டுக்கு 18 முதல் 20 டிகிரி இருந்தால் நல்லது. அதனால் வாளியைப் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றில் வைத்து, காலையில் ஒரு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம் அண்ணன் கையாலேயே போட்டு அணைப்பார். வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி எதுவும் இல்லை. வாளியின் பக்கவாட்டில் ஒட்டிய வெப்ப அட்டையைப் பார்த்துக்கொள்வார். எந்த டிகிரியோ அந்த எண் பச்சையாக ஒளிரும்.

ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட் போட்டார். திங்கள் இரவு ஏர்லாக் விடாமல் குமிழியிட்டது. புதன் இரவு 9 மணிக்கு ஃப்ரிட்ஜைப் போட்டார். கால் மணியில் கரண்ட் போனது. 11.30க்குத் திரும்பி வந்தபோது அவர் தூங்கிவிட்டார். வியாழன் காலை குடும்பமே பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பியது. ஃப்ரிட்ஜ் ஸ்விட்ச் போட்டபடியே இருந்தது. புதன் நள்ளிரவு முதல் ஞாயிறு மாலை வரை நிற்காமல் ஓடியிருக்கிறது.

ஞாயிறு இரவு நானும் போயிருந்தேன். ஏர்லாக்கில் அசைவே இல்லை. பீர் தெளிந்து, ஈஸ்ட் அடியில் கெட்டியாகப் படிந்திருந்தது. வெப்ப அட்டையில் ஒரு எண்ணும் ஒளிரவில்லை. அட்டை பழசாகிவிட்டது என்று பேசிக்கொண்டோம். உண்மையில் அதன் அளவுக்குக் கீழே போயிருந்தது குளிர். சமையல் வெப்பமானியை விட்டுப் பார்த்தால் 8 டிகிரி. ஹைட்ரோமீட்டர் 1.022 காட்டியது.

இந்த இடத்தை நான் மறைக்காமல் எழுத வேண்டும். “இது அதிகமா இருக்கே தம்பி” என்று அண்ணன் கேட்டார். “குளிர்ந்திருக்குண்ணா, அதனாலதான் கூடக் காட்டுது” என்று சொன்னவன் நான். குளிர்ந்த திரவம் அடர்த்தி கூடியது. ஹைட்ரோமீட்டர் 20 டிகிரிக்குச் செய்யப்பட்டது. ஆகவே நான் சொன்னது தப்பில்லை. ஆனால் 8 டிகிரிக்கு உரிய திருத்தம் வெறும் ஒன்றரைப் புள்ளி. 1.022 என்பது 1.0205 ஆகும், அவ்வளவுதான். 1.012 ஆகாது. கரும்புச் சாற்றில் சர்க்கரை எவ்வளவு என்று காட்டும் பிரிக்ஸ் அளவைத் தினமும் பார்க்கும் இடத்தில், என் மேஜைக்கு எதிர்ச்சுவரிலேயே வெப்பத் திருத்த அட்டவணை தொங்குகிறது. ஒரு சின்ன உண்மையை வைத்து ஒரு பெரிய இடைவெளியை மூடினேன். செய்முறைத் தாளில் ஏழு நாள் என்று போட்டிருந்தது, ஏழு நாள் ஆகியிருந்தது. தீபாவளிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. எல்லாமே அடைத்துவிடு என்று சொல்வதாகத் தோன்றியது, அடைத்தோம்.

110 கிராம் சர்க்கரையைக் கொதிநீரில் கரைத்து, அடைக்கும் வாளியில் ஊற்றி, அதன்மேல் பீரை இறக்கினோம். முதலில் 750 மில்லி குவார்ட் பாட்டில்கள் 12, அப்புறம் 340 மில்லி சின்ன பாட்டில்கள் 28. மொத்தம் பதினெட்டரை லிட்டர். அண்ணன் ஒழுங்கான மனிதர், மூடிகளின் மேல் 1 முதல் 40 வரை மார்க்கரால் எண் போட்டார். பின்னால் வழக்கு நின்றது அந்த எண்களின் மேல்தான். ஒன்பதாம் நாள் இரவு வெடித்தது.

மிச்சம் 35 பாட்டில்களை என்ன செய்வது

வெடிக்காத பாட்டில்தான் ஆபத்தானது. நான் ஆலையிலிருந்து முகக்கவசமும் தோல் கையுறையும் கொண்டு வந்தேன். கனமான கம்பளி இரண்டை நனைத்து, க்ரேட்டுகளின் மேல் மெல்லப் போர்த்தி, பெட்ரோல் பங்கில் வாங்கிய ஐஸ் மூட்டைகளை அதன்மேல் அடுக்கிக் கதவைச் சாத்தினோம். குளிர்ந்த பீர் வாயுவைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். 28 டிகிரியில் இருக்கும் அழுத்தம் 5 டிகிரியில் பாதிக்கும் கீழே வந்துவிடும். சாயங்காலம் வரை காத்திருந்தோம். அப்புறம் ஒவ்வொன்றாகத் தூக்கி, கம்பளிக்குள் வைத்தே மூடியைச் சிறிது நெம்பி வாயுவை விட்டோம். பரிசோதனைக்கு மூன்றை எடுத்துக்கொண்டு மற்றதைக் கொட்டினோம். சிலவற்றைக் காப்பாற்றி மறுபடி மூடலாமா என்று அண்ணன் கேட்டார். வேண்டாம் என்றேன். ஒருமுறை அவ்வளவு அழுத்தத்தைத் தாங்கிய கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கலாம். இன்றும் அதே பதில்தான்.

சந்தேகங்கள்

முதல் சந்தேகம் பாட்டில் மேல். வெடித்த ஐந்தும் மெல்லிய கண்ணாடி, ஒருமுறை குடித்துவிட்டு வீசும் ரகம். தடித்த குவார்ட் ஒன்றுகூட வெடிக்கவில்லை. அண்ணனுக்கு அதிலேயே முடிவு கிடைத்துவிட்டது, இனிமேல் குவார்ட் மட்டும் போதும் என்றார். நான் 1ஆம் எண் குவார்ட்டைத் திறந்தபோது ஐஸ் குளிரிலும் முக்கால் பாட்டில் பீர் நுரையாகச் சுவரில் அடித்தது. குவார்ட்டும் வெடிக்கும் நிலையில்தான் இருந்தது, கொஞ்சம் பொறுத்துக்கொண்டிருந்தது, அவ்வளவே. எது முதலில் உடைந்தது என்பதைத்தான் பாட்டில் காட்டியது. ஏன் உடைந்தது என்பதற்கு அதில் பதில் இல்லை.

இரண்டாவது, சர்க்கரை சரியாகக் கலக்காமல் கடைசியாக நிரப்பியவற்றில் அதிகம் போயிருக்குமோ என்பது. நியாயமான சந்தேகம், ஏனென்றால் சின்ன பாட்டில்களைத்தான் கடைசியில் நிரப்பினோம். இங்கேதான் மூடியின் எண்கள் கைகொடுத்தன. தரையிலிருந்து பொறுக்கிய மூடிகள் 17, 22, 23, 31, 38. கடைசியில் குவியவில்லை, நடுவிலும் இருந்தது, ஓரத்திலும் இருந்தது.

மூன்றாவது, கிருமி. வெளியிலிருந்து ஒரு பாக்டீரியாவோ காட்டு ஈஸ்டோ புகுந்தால், நம் ஈஸ்ட் தின்னாமல் விட்ட சர்க்கரையையும் அது தின்று வாயு கிளப்பும். அப்படியானால் பீர் புளிக்கும், பாட்டில் கழுத்தில் வெள்ளை வளையம் தெரியும், அடர்த்தி 1.012க்கும் வெகுவாகக் கீழே இறங்கியிருக்கும். வளையம் இல்லை. நாக்கில் புளிப்பு இல்லை. 1, 12, 40 ஆகிய மூன்று பாட்டில்களின் பீரையும் இரண்டு டம்ளர்களுக்கிடையே ஆற்றி ஆற்றி, டீக்கடைக்காரர் மாதிரி, வாயு முழுக்கப் போன பிறகு 20 டிகிரிக்குக் கொண்டுவந்து அளந்தேன். மூன்றிலும் 1.013.

அடைத்தபோது 1.0205, இப்போது 1.013. நொதித்தல் பாட்டிலுக்குள் நடந்திருக்கிறது. எல்லாப் பாட்டிலிலும் ஒரே மாதிரி.

அப்படியானால் வாளியில் ஏன் நின்றது? நான் மேஜையில் எண்களை எழுதிக்கொண்டிருந்தபோது அக்கா கூழுக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தார். இங்கே ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது பெரிய விசேஷம், எல்லோரும் அதைப் போரிட்ஜ் பூசை என்பார்கள். ஆடி இங்கே குளிர்காலம். “ஆடியில ராத்திரி கரைச்சு வச்சா காலையில புளிக்காது தம்பி. அப்படியே சும்மா கிடக்கும். அடுப்புப் பக்கத்துல வச்சா மத்தியானம் பொங்கி வழியும்” என்றார். அப்புறம் அண்ணனைப் பார்த்து, “நம்ம கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தப்ப அந்த ஃப்ரிட்ஜ் ஓடிக்கிட்டு இருந்திச்சே, நான்தானே அணைச்சேன்” என்றார்.

இதை அவர் அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. யாரும் அவரைக் கேட்கவில்லை. விசாரணை என்று நான் இரண்டு நாளாக உட்கார்ந்திருந்ததில் பாட்டிலைக் கேட்டேன், மூடியைக் கேட்டேன், வீட்டில் இருந்தவரைக் கேட்கவில்லை.

இங்கிலாந்து வகை ஈஸ்ட் குளிரில் சீக்கிரம் கட்டிக்கட்டியாகச் சேர்ந்து அடியில் படிந்துவிடும் குணம் உள்ளது. பாதி வேலையில் படுத்துத் தூங்கிவிட்டது. நாங்கள் அடைக்கும்போது கலங்கி, அதில் கொஞ்சம் ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் போனது. ஸ்டோர் ரூமின் 28 டிகிரியில் எழுந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

கணக்கு

ஒரு லிட்டர் பீரில் எத்தனை லிட்டர் வாயு கரைந்திருக்கிறது என்பதைக் கொள்ளளவு என்று சொல்வார்கள். கடையில் வாங்கும் சாதாரண பீரில் ஏறக்குறைய 2.4. அடர்த்தி ஒரு புள்ளி இறங்கினால் அரைக் கொள்ளளவு வாயு வரும். எங்கள் பாட்டிலில் ஏழரைப் புள்ளி இறங்கியிருக்கிறது, அதில் மூன்றேமுக்கால். நாங்கள் போட்ட சர்க்கரை லிட்டருக்கு 6 கிராம், அதில் ஒன்றரை. குளிர்ந்த பீரில் ஏற்கெனவே கரைந்து நின்றது ஒன்றேகாலுக்குச் சற்றுக் குறைவு. கூட்டினால் ஆறரைக்குப் பக்கம். 28 டிகிரியில் அது ஏறக்குறைய 8 பார் அழுத்தம். கார் டயரில் அடிக்கும் காற்றைப்போல நாலு மடங்கு. சின்ன பாட்டில்கள் அந்த எண்ணை எட்டுவதற்கு முன்பே உடைந்திருக்கும். சர்க்கரையே போடாமல் அடைத்திருந்தாலும்கூடக் கொள்ளளவு ஐந்தைத் தொட்டிருக்கும். சர்க்கரையைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று சொல்பவர்களுக்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

இரண்டாவது வாளி

ஜனவரியில், டர்பனின் உச்ச வெயிலில், மறுபடி ஆரம்பித்தோம். இந்த முறை ஃப்ரிட்ஜே வேண்டாம் என்று முடிவு செய்தோம். நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த க்வைக் என்ற ஈஸ்ட் இப்போது உலர்ந்த பொட்டலமாகக் கிடைக்கிறது. அதில் வோஸ் என்ற ரகம் 35, 40 டிகிரியில்கூடச் சந்தோஷமாக வேலை செய்யும். சூட்டில் மற்ற ஈஸ்ட்கள் விடும் கெட்ட வாசம் இதில் வராது, லேசாக ஆரஞ்சுத் தோல் வாசம் வரும். கரண்ட் வந்தால் என்ன, போனால் என்ன. சாட்ஸ்வொர்த் ஸ்டோர் ரூமுக்கென்றே யாரோ வளர்த்தது போல இருந்தது. நம் ஊரில், சென்னை மதுரை வெயிலில், மால்ட் பீர் எப்படி நொதிக்கும் என்று கேட்பவர்களுக்கும் இதுதான் என் பதில்.

இன்னொரு வேலையும் செய்தோம், இது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. ஈஸ்ட் போட்ட வோர்ட்டில் 250 மில்லியைத் தனியே ஒரு பாட்டிலில் எடுத்து, ஒரு சிட்டிகை ஈஸ்ட் கூடுதலாகத் தூவி, வாயைத் தளர்வாக மூடி, கீசரின் மேல் சூட்டில் வைத்தோம். அடிக்கடி குலுக்கிவிட்டோம். இந்தச் சின்ன மாதிரி இரண்டு மூன்று நாளில் ஓடி முடித்துவிடும். அது எங்கே நிற்கிறதோ அங்கேதான் பெரிய வாளியும் நிற்கும். 1.011இல் நின்றது. இனி ஊகிக்க ஒன்றுமில்லை. வாளி 1.046இல் தொடங்கி மூன்றாம் நாள் 1.014, ஐந்தாம் நாள் 1.011, எட்டாம் நாளும் 1.011. மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை ஒரே எண், அதுவும் மாதிரி காட்டிய எண். ஏர்லாக் நாலாம் நாளே நின்றுபோயிருந்தது. அதை நாங்கள் பார்க்கவுமில்லை.

சர்க்கரை 125 கிராம் போட்டோம், முதல் முறையைவிட அதிகம். சூடான பீரில் வாயு குறைவாகத்தான் தங்கும், அதனால் லிட்டருக்கு 7 கிராம். 23 குவார்ட், ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டில். அந்தப் பிளாஸ்டிக் பாட்டிலை எந்த ஆரம்பக்காரரும் விடக் கூடாது. கையால் அமுக்கிப் பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று விரல் சொல்லிவிடும். கல் மாதிரி இறுகி, அடி உப்ப ஆரம்பித்தால் எல்லாவற்றையும் உடனே குளிரில் வைக்க வேண்டும். கண்ணாடி அப்படி ஒரு முன்னறிவிப்பும் தராது. க்ரேட்டுகளை மூடியுள்ள மரப்பெட்டிக்குள் வைத்தோம். ஸ்டோர் ரூம் சாவி இப்போது அக்காவிடம். பேத்தியின் சைக்கிள் முன்பக்க வராந்தாவுக்குப் போய்விட்டது.

அடைத்த மறுநாள் அண்ணன் தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் தொடங்கினார். பாட்டிலுக்கும் அதே பத்து நாள் தேவைப்பட்டது. தினமும் பூசை முடித்து வந்து பிளாஸ்டிக் பாட்டிலை மட்டும் ஒருமுறை அமுக்கிப் பார்ப்பாராம். நான்காம் நாள் கெட்டியானது, எட்டாம் நாளுக்குப் பிறகு மாறவில்லை. காவடி இறக்கி இரண்டு நாள் கழித்து 1ஆம் எண் குவார்ட்டைத் திறந்தார். மெல்லிய ஒரு புஸ், விரற்கடை நுரை, அது கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டே மெல்ல இறங்கியது. குடிக்காத அக்கா டம்ளரை வாங்கி முகர்ந்து, நாரத்தை வாசம் என்றார்.

மூன்றாவது வாளி இப்போது ஓடுகிறது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, அண்ணன் கையெழுத்து: செவ்வாய் 1.013, கீசர் மாதிரி 1.010. வெள்ளிக்கிழமை மறுபடி பார்க்க வேண்டும்.